வெறும் மாத்திரையும் மரத்துப்போன விரல்களும்

மருந்து ஆய்வில் மாத்திரை போடத் தொடங்கி நான்காவது வாரம். காலையில் எழுந்தபோது இடது கை விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. உதறிப் பார்த்தேன், போகவில்லை. மறுநாள் வலது கையிலும் வந்தது. எனக்குப் பயத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம். நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் பக்க விளைவுகள் என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியே "விரல்களில் குறுகுறுப்பு அல்லது மரத்துப்போதல்" என்பதுதான். அப்படியானால் எனக்குக் கிடைத்திருப்பது மருந்துதானே! அக்காவுக்குப் போன் செய்து, "எனக்கு அசல் மாத்திரைதான் விழுந்திருக்கு" என்றேன், குலுக்கலில் பரிசு விழுந்தவர் குரலில்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வந்த கடிதம் வேறு மாதிரி சொன்னது. எனக்குக் கொடுத்தது பிளாசிபோ. மருந்து என்று அதில் ஒரு துளியும் இல்லை.

அந்தக் குறுகுறுப்பு பொய்யா என்றால், இல்லை. விரலில் இருந்தது எனக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று நான் போட்ட கணக்குதான் பொய். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது. அந்த ஆய்வில் நான் கற்றதெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

எனக்கு இருப்பது மைக்ரேன். ஒற்றைத் தலைவலி என்பார்கள், எனக்குப் பாதி நாள் இரண்டு பக்கமும் வலிக்கும். இந்தப் பெயரைக் கேட்கவே ஒன்பது வருடம் ஆனது. நான் அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துபவர். நாள் முழுக்க எழுத்தையே பார்ப்பதால் கண்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள், இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன். அப்புறம் சைனஸ் என்றார்கள். வலி வரும்போது மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வழியும், கன்னம் கனக்கும், பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரு மருத்துவர் மூன்று முறை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நான்கைந்து நாளில் வலி குறைந்தது, நானும் மருந்து கேட்டது என்று நினைத்தேன். மைக்ரேன் வலி எதுவும் செய்யாமல் விட்டாலும் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. சைனஸ் தலைவலி என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன்தான் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதையும் பின்னால்தான் படித்தேன்.

கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தது. அதைப் பார்த்து அழுதேன். ஏதாவது இருந்திருக்கலாம் என்றுகூட அன்று தோன்றியது, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

நரம்பியல் மருத்துவர் ஒருவர் அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உறையில் போட்டார். பிறகு இருபது நிமிடம் கேள்வி கேட்டார். வலி எத்தனை மணி நேரம் இருக்கும்? துடிப்பதுபோலவா, அழுத்துவதுபோலவா? மாடிப்படி ஏறினால் கூடுமா? வெளிச்சமும் சத்தமும் தொல்லை செய்யுமா? குமட்டுமா? இதுவரை இப்படி ஐந்து முறையாவது வந்திருக்கிறதா? அவ்வளவுதான், பெயர் சொல்லிவிட்டார். எனக்கு ஏமாற்றம். இவ்வளவு பெரிய வலிக்கு ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லையா? இல்லை. உலகம் முழுக்க மைக்ரேனைக் கண்டறிவது இந்தக் கேள்விகளை வைத்துத்தான். ஸ்கேன் எடுப்பது வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மட்டும். (திடீரென்று இடி விழுந்ததுபோல வரும் தலைவலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, கை கால் இழுத்துக்கொள்வது அல்லது பேச்சுக் குழறுவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது: இவற்றுக்கெல்லாம் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், டைரி எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது.)

அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொன்னேன். மாதம் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறீர்கள்? ஏழெட்டு நாள் என்றேன். ஒரு மாதம் எழுதிவரச் சொன்னார். எழுதினால் 18 நாள். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேன் வலிக்குத் தரும் டிரிப்டான் வகை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்த மாத்திரைகளே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கிவிடும். அதற்கென்று தனி நோய்ப் பெயரே இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. மனம் எண்ணும் எண்ணிக்கைக்கும் பேனா எண்ணும் எண்ணிக்கைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தது, அவ்வளவுதான். மருத்துவரிடம் போகிற யாருக்காவது நான் ஒரே ஒரு யோசனை சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: ஃபைல் நிறைய அறிக்கைகளைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, வலி வந்த தேதி, நேரம், போட்ட மாத்திரை மூன்றையும் ஒரு மாதம் எழுதிய ஒற்றைத் தாள் அதிகம் பேசும்.

வலி மாத்திரையை அவர் மேற்பார்வையில் குறைத்தேன். முதல் இரண்டு வாரம் நரகம். அதைக் கடந்த பிறகுதான் மைக்ரேன் வராமல் தடுக்கும் மருந்து ஒன்றுக்கு நடக்கும் ஆய்வைப் பற்றிச் சொன்னார். மூன்றாம் கட்ட ஆய்வு. அதாவது ஆரோக்கியமானவர்களிடம் பாதுகாப்பு பார்க்கும் முதல் கட்டமும், சிறு குழுவிடம் அளவைச் சோதிக்கும் இரண்டாம் கட்டமும் முடிந்து, பெரிய குழுவிடம் உண்மையிலேயே பலன் உண்டா என்று பார்க்கும் கட்டம்.

ஒப்புதல் படிவம் இருபத்திரண்டு பக்கம். ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண் அதை என் கையில் கொடுத்து, "இங்கேயே படிக்க வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போங்க, கேள்வி இருந்தா எழுதிட்டு வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மேல் நம்பிக்கை வந்தது. அங்கேயே உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து. தொழில் புத்தி விடுமா, சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன். அட்டவணையில் ஏழு வருகை, விளக்கத்தில் ஆறு வருகை என்று இருந்தது. சுட்டிக்காட்டினேன். அடுத்த முறை திருத்திய படிவம் வந்தது, அதை நெறிமுறைக் குழு மறுபடி பார்த்து ஒப்புதல் கொடுத்த தேதியோடு. ஒரு எண்ணைத் திருத்தக்கூட இவ்வளவு சுற்றா என்று அப்போது சிரிப்பு வந்தது.

இப்போது சிரிப்பு வருவதில்லை. 1948இல் வெளிவந்த, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தின் ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். பிரிட்டனில் காசநோயாளிகள் 107 பேரை, ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறைப்படி, மூடிய உறைகளில் இருந்த சீட்டுகளை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். குலுக்கல் முறை ஆய்வுக்கு இன்றும் முன்மாதிரியாகச் சொல்லப்படுவது அதுதான். ஆனால் அந்த ஓய்வுக் குழுவில் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே தெரியாது. என் இருபத்திரண்டு பக்கம் அங்கிருந்து இங்கே வந்த தூரம். நடுவில் 1964இல், மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறிமுறை வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் வெட்கப்பட வேண்டிய பல கதைகள் நடந்தன.

நான் எழுதிக்கொண்டு போன கேள்விகள் ஒன்பது. உதவியவை நான்கு. நடுவில் விலகினால் என் வழக்கமான சிகிச்சை பாதிக்குமா? ஆய்வால் எனக்குக் கெடுதல் வந்தால் செலவு யாருடையது? ஆய்வு முடிந்த பிறகு அந்த மருந்து எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா? முடிவுகளை எனக்குச் சொல்வீர்களா? மூன்றாவதற்கு "கிடைக்காது" என்று நேராகச் சொன்னார்கள். வருத்தம்தான், ஆனால் முன்பே தெரிந்தது நல்லது. கேட்காமல் விட்டது ஒன்று உண்டு: இது எனக்கான சிகிச்சையா, அல்லது என்னை வைத்து எல்லாருக்குமான ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதா? படிவத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. இரண்டாவதுதான். படித்தேன், கோடு போட்டேன், ஆனாலும் மனசுக்குள் "எனக்குப் புது மருந்து தரப்போகிறார்கள்" என்றுதான் பதிந்தது. ஆய்வில் சேர்கிற பலருக்கும் நடக்கிற குழப்பம் இது.

மாத்திரை தருவதற்கு முன் 28 நாள் டைரி மட்டும் எழுத வேண்டும். அதில் எனக்கு 11 நாள் வலி வந்தது. பிறகு கணினி ஓர் எண் கொடுத்தது, அந்த எண்ணுள்ள பெட்டியை எடுத்துத் தந்தார்கள். உள்ளே என்ன என்று எனக்கும் தெரியாது, தருபவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவசரம் என்று வந்தால் குறியீட்டை உடைத்துப் பார்க்கத் தனி ஏற்பாடு உண்டு. அதற்கான தொலைபேசி எண் உள்ள அட்டையைப் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேறு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். ஒரு முறை பல் வைத்தியரிடம் காட்டாமல் மறந்துவிட்டு, அவர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டேன். டைரியில் எழுதலாமா வேண்டாமா என்று அரை நாள் யோசித்தேன். எழுதியதுதான் சரி. திட்டவில்லை, குறித்துக்கொண்டார்கள்.

உள்ளே இருப்பது என்னவென்று கண்டுபிடிக்க நான் செய்யாத கோணங்கித்தனம் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காத்திருக்கும் அறையில் இன்னொருவரிடம், உங்களுக்கு விரல் குறுகுறுக்கிறதா என்று கிசுகிசுத்தேன். ஒருங்கிணைப்பாளர் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "நீங்க அவங்ககிட்ட அப்படிக் கேட்டா, நாளைக்கு அவங்களுக்கும் குறுகுறுக்கும்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மைக்ரேன் ஆய்வுகளில் பிளாசிபோ பெற்றவர்கள் சொன்ன பக்க விளைவுகளைத் திரட்டி 2009இல் ஒரு கட்டுரை வந்தது. எந்த வகை மருந்தோடு ஒப்பிடப்பட்டார்களோ அந்த வகை மருந்தின் பக்க விளைவுகளைத்தான் வெறும் மாத்திரை போட்டவர்களும் சொல்லியிருந்தார்கள். படிவத்தில் என்ன படித்தார்களோ அதை உடம்பு தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. இதற்கு நோசிபோ என்று பெயர். என் விரல்களுக்கு அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மாதங்கள் போயின. 11 நாள் 9 ஆனது, 7 ஆனது, கடைசி மாதம் 6. அலுவலகத்தில் விடுப்பே எடுக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் இந்த மருந்து வந்ததும் வாங்குங்கள் என்று சொல்லாத குறை.

கடைசி நோயாளியின் கடைசி வருகை முடிந்து, தரவுகளை இனி யாரும் தொட முடியாதபடி பூட்டிய பிறகுதான் யாருக்கு என்ன என்பதைத் திறப்பார்கள். அதனால்தான் அந்தக் கடிதம் அவ்வளவு தாமதம். படித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். பெட்டி மாறியிருக்கும் என்று போனில் வாதாடினேன். அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வெறும் மாத்திரையையே வாங்கிச் சாப்பிடேன், பக்க விளைவும் இல்லை" என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

பிறகு டாக்டரிடம் கேட்டேன்: 11 எப்படி 6 ஆனது? அவர் என் பழைய தாளை எடுத்துவரச் சொன்னார். ஆய்வில் சேர்ந்தது எப்போது? வாழ்க்கையிலேயே மோசமான ஆறு மாதத்தின் முடிவில். தலைவலி அலைபோல ஏறி இறங்குவது. உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புது மருத்துவரைத் தேடுவோம், ஆய்வில் சேருவோம். உச்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்துகொண்டிருந்த ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886இலேயே இதை எழுதிவிட்டார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களைவிடச் சற்றுக் குறைந்த உயரமே இருப்பார்கள், எண்கள் சராசரியை நோக்கித் திரும்பும். என் தலைக்கும் அதே கணக்குதான். அது போக, அளவுக்கு மீறிப் போட்ட வலி மாத்திரையை நிறுத்தியிருந்தேன். அதன் பலன் வரச் சில மாதங்கள் ஆகும், அந்த மாதங்கள் இந்த ஆய்வுக்குள் விழுந்தன. டைரி எழுதியதால் தூங்கும் நேரம் ஒழுங்கானது. மாதம் ஒரு முறை ஒருவர் அரை மணி நேரம் என் வலியைப் பற்றி மட்டும் கேட்டார். மருந்து கேட்கும் என்ற நம்பிக்கையும் தன் பங்கைச் செய்திருக்கும். இதில் எதற்கு எவ்வளவு பங்கு? "தெரியாது" என்றார் டாக்டர், "உங்க ஒருத்தரை வச்சு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுக்குத்தான் இன்னொரு குழு."

பிளாசிபோ குழு என்றால் ஏமாற்றப்பட்டவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் குழு இல்லாவிட்டால், மருந்து போட்டவர்களும் என்னைப் போலவே 11இலிருந்து 6க்கு வந்ததைப் பார்த்து, முழுப் புகழையும் மருந்துக்கே கொடுத்திருப்பார்கள். பிறகு எளிய மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று அனுப்பினார்கள். நான் முதலில் பார்த்தது எங்கள் பத்தியைத்தான். எங்கள் குழுவுக்கும் நன்றாகவே குறைந்திருந்தது. மருந்துக் குழுவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக. அந்தச் "சற்று"தான் மருந்து. அதைப் பிரித்தெடுக்கத்தான் இவ்வளவு பேரும் இவ்வளவு நாளும் டைரி எழுதினோம்.

அதன் பிறகு மருத்துவச் செய்திகளைப் படிக்கும் விதம் மாறிவிட்டது. "ஆய்வில் எண்பது பேருக்குக் குணம்" என்று பார்த்தால், மருந்து போடாத எத்தனை பேருக்கு என்று கண் தானாகத் தேடுகிறது. "ஆபத்து பாதியாகக் குறைகிறது" என்றால், ஆயிரத்தில் இரண்டு ஒன்றானதா, நூறில் நாற்பது இருபதானதா என்று கேட்கிறேன். இரண்டும் பாதிதான், ஆனால் ஒன்றல்ல. எலிக்கா மனிதருக்கா என்று பார்ப்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, எதை அளந்தார்கள் என்பது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் தாறுமாறாகத் துடிப்பதை அடக்க என்கேனைடு, ஃபிளெக்கேனைடு என்று இரண்டு மருந்துகள் இருந்தன. துடிப்பை நன்றாகவே அடக்கின. துடிப்பு அடங்கினால் சாவும் குறையும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள், தர்க்கம் சரியாகத்தான் தெரிந்தது. பிளாசிபோவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். அந்த மருந்துகளை 1989இல் ஆய்வின் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அளந்தது ஒன்று, வேண்டியது இன்னொன்று. இந்தக் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மைக்ரேன் ஆராய்ச்சியையும் அப்போதுதான் தேடிப் படித்தேன். ரத்தக் குழாய் விரிவதுதான் வலி என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும், வலி உச்சத்தில் இருக்கும் நோயாளிகளின் கழுத்துச் சிரை ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு கூடியிருப்பதைக் காட்டினார்கள். கூடியிருந்தால் அதுதான் காரணம் என்றாகிவிடுமா? தீ எரியும் இடத்தில் புகையும்தான் இருக்கும். 2002இல் ஜெஸ் ஒலெசன் குழுவினர் அதையே மைக்ரேன் உள்ளவர்களுக்குச் சிரை வழியாக ஏற்றிப் பார்த்தார்கள், பிளாசிபோவோடு ஒப்பிட்டுத்தான். மைக்ரேன் போன்ற தலைவலி வந்தது. பிறகுதான் அதைத் தடுக்கும் மருந்துகள். மைக்ரேன் வராமல் தடுக்கும் அந்த வகை ஊசிகளில் முதலாவதுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2018இல். முதல் ரத்தக் குப்பியிலிருந்து 28 வருடம். ஒன்பது வருடம் பெயர் தெரியாமல் அலைந்தேன் என்று மேலே புலம்பியிருக்கிறேன் அல்லவா, அதை எழுதும்போதே இந்த 28தான் நினைவுக்கு வந்தது.

நான் இப்போது போடுவது அந்தப் புது மருந்தல்ல. ப்ரோப்ரனலால், இதயத்துக்கு என்று உருவான பழைய மருந்து. 1960களில் நெஞ்சு வலிக்காகக் கொடுத்தபோது ஒருவருக்கு மைக்ரேன் குறைந்ததைத் தற்செயலாகக் கவனித்தார்கள், 1966இல் அது கட்டுரையில் வந்தது. ஒருவருக்குக் குறைந்ததை வைத்து முடிவு செய்யாமல், பிறகு முறையாக ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. எனவே என்னைப் பார்த்து யாரும் வாங்கிவிட வேண்டாம்.

போன மாதம் அக்கா மகளுக்கும் தலைவலி என்று கேள்விப்பட்டேன். "சித்தி, உங்களுக்கு எந்த மாத்திரை கேட்டுச்சு?" என்று அவளே போனில் கேட்டாள். எனக்குக் கடந்த சில மாதங்களாக மாதத்துக்கு நான்கு நாளுக்கு மேல் வலி வந்ததில்லை, மாத்திரையின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. என்னிடம் இருந்த டைரியில் காலியான ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். 28 கட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று வரி. இதுவரை ஆறு கட்டம் நிரப்பியிருக்கிறாளாம். அதில் இரண்டு நாள் மறந்துபோய் அடுத்த நாள் எழுதியது என்றாள். அதையும் அப்படியே குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.